கூவத்தின் மூச்சுக் கணக்கு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் கூவத்துக்கு நேரே 345 என்றொரு எண் இருந்தது. ஆவடியிலிருந்து சத்யா நகர் வரைக்குமான எண் அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 345 மில்லிகிராம் பி.ஓ.டி. மாசுபட்டவை என்று நாடு முழுக்கப் பட்டியலிடப்பட்ட 311 ஆற்றுப் பகுதிகளில் இதுதான் உச்சம். இந்தியாவிலேயே மிக அசுத்தமான ஆறு கூவம்தான் என்று பத்திரிகைகள் எழுதின. சென்னைக்காரர்கள் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மூக்குக்குத் தெரிந்ததை எண்ணாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதானே.

ஆனால் அந்த எண்ணில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நம் வீட்டுக் குளியலறை, சமையலறை, கழிப்பறை மூன்றிலிருந்தும் குழாயில் இறங்கும் கழிவுநீரின் பி.ஓ.டி. வழக்கமாக 200 முதல் 300 வரைதான். அப்படியானால் கூவம் சாக்கடையைவிடக் கெட்டியாக இருக்கிறது. சாக்கடை கலந்ததால்தான் ஆறு கெட்டது என்கிறோம். கலந்தபின் கொஞ்சமாவது நீர்த்திருக்க வேண்டாமா?

இதற்கு விடை தேடுமுன் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம். பி.ஓ.டி. என்பது தண்ணீரில் உள்ள அழுக்கின் எடை அல்ல. அழுகக்கூடிய பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டியிருக்கும் என்ற அளவு. வடித்த கஞ்சி, மலம், பாத்திரம் விளக்கிய எண்ணெய்ப் பிசுக்கு, மீன் கழுவிய தண்ணீர் எல்லாமே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. சாப்பிடும் பாக்டீரியா மூச்சும் விட வேண்டும். அதற்கு அது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மீனுக்கும் இறாலுக்கும் வேண்டியதும் அதே ஆக்சிஜன்தான்.

தண்ணீரில் அது மிகச் சொற்பம் என்பதுதான் சிக்கலே. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 20 டிகிரி வெப்பத்தில் 9.1 மில்லிகிராம்தான் கரையும். சூடு ஏற ஏற இன்னும் குறையும். சென்னையில் ஆற்றுத் தண்ணீர் 30 டிகிரியை எளிதாகத் தொடும். அந்தச் சூட்டில் ஏழரை மில்லிகிராம். உப்பு கலந்தால் அதிலும் குறைவு. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 பி.ஓ.டி. உள்ள கழிவுநீர் ஒரு வாளி. அது முழுவதும் செரித்து முடிய, ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ள நல்ல தண்ணீர் 33 வாளி தன்னிடம் இருப்பதை முழுக்கக் கொடுத்தாக வேண்டும். அத்தனையும் கொடுத்துவிட்டு அந்த 33 வாளியும் மீன் வாழ முடியாத தண்ணீராகிவிடும். பெரும்பாலான மீன்களுக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும்; 2-க்குக் கீழே போனால் திணறிச் சாகும்.

கரைந்த ஆக்சிஜனை எப்படி அளக்கிறார்கள் என்பது பார்க்க அழகான விஷயம். 1888-இல் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் கண்டுபிடித்த முறை, சிறு திருத்தங்களுடன் இன்றும் ஆய்வகங்களில் நடக்கிறது. கண்ணாடி மூடி போட்ட 300 மில்லி குப்பி. அதில் ஒரு குமிழிகூட இல்லாமல் ஆற்றுத் தண்ணீரை நிரப்ப வேண்டும்; குமிழி இருந்தால் காற்றில் உள்ள ஆக்சிஜனும் கணக்கில் ஏறிவிடும். கரையிலேயே மாங்கனஸ் சல்ஃபேட் கரைசலைப் பிப்பெட்டால் அடியில் விடுவார்கள். அடுத்து, அயோடைடு கலந்த காரக் கரைசல். மூடியைப் போட்டுக் குப்பியைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் கலக்கினால் உள்ளே பஞ்சுப் பஞ்சாக வீழ்படிவு இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பு நிறம். நல்ல ஏரித் தண்ணீரென்றால் டிகாஷன் நிறத்துக்கே போகும். ஆக்சிஜன் இல்லையென்றால் வெள்ளை. இதற்குப் பிறகு அமிலம் ஊற்றி, தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் கணத்தைப் பிடித்து எண் சொல்வார்கள். ஆனால் நகருக்குள் எடுத்த கூவத்துத் தண்ணீரில் பெரும்பாலான இடங்களில் அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. குப்பிக்குள் வெள்ளை இறங்கியதுமே பதில் தெரிந்துவிடும்.

பி.ஓ.டி. சோதனையும் இதே குப்பியில்தான். கெட்ட தண்ணீரை அப்படியே மூடி வைத்தால் இருக்கும் ஆக்சிஜன் சிறிது நேரத்திலேயே தீர்ந்துபோய்ச் சோதனை நின்றுவிடும். அதனால் 3 மில்லி மாதிரியை, காற்றூட்டிய சுத்தமான தண்ணீரோடு சேர்த்து 300 மில்லியாக்குவார்கள். நூறு மடங்கு நீர்ப்பு. ஒரு குப்பியில் உடனே ஆக்சிஜனை அளப்பார்கள், 7.8 என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றை 27 டிகிரியில், வெளிச்சம் படாத பெட்டிக்குள் மூன்று நாள் வைப்பார்கள். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜன் தயாரித்துக் கணக்கைக் குழப்பும். மூன்று நாள் கழித்து 4.35. குறைந்தது 3.45, நூறால் பெருக்கினால் 345.

உலகின் பல நாடுகளில் இந்தச் சோதனைக்கு ஐந்து நாள், 20 டிகிரி. அந்த ஐந்து நாளின் வேர் பிரிட்டனில் இருக்கிறது. 1898-இல் அமைக்கப்பட்ட கழிவுநீர் குறித்த அரச ஆணையம் இதை வகுத்தது. பிரிட்டனின் ஆறுகள் குட்டை. எந்த ஆற்றுத் தண்ணீரும் மலையிலிருந்து புறப்பட்டு ஐந்து நாளுக்குள் கடலில் போய் விழுந்துவிடும், அதற்குமேல் பார்த்து என்ன பயன் என்பதுதான் கணக்கு என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது. நம் ஊர்ச் சூட்டுக்கு இந்தியாவில் அதை 27 டிகிரி, மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டோம்.

அதே ஆணையம் 1912-இல் இன்னொன்றும் சொன்னது. சுத்திகரித்து ஆற்றில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. 20-ஐத் தாண்டக் கூடாது. இந்த 20 உலகம் முழுக்கப் பரவியது. 2017-இல் ஒன்றிய அரசு நம் பெருநகரச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு விதித்த வரம்பும் 20 தான். ஆனால் ஆணையம் அந்த எண்ணை ஒரு நிபந்தனையோடு சேர்த்தே சொல்லியிருந்தது: ஒரு பங்கு கழிவுநீருக்கு எட்டுப் பங்கு நல்ல ஆற்றுநீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நல்ல ஆற்றுநீரின் பி.ஓ.டி. 2 என்று வைத்தால் எட்டுப் பங்குக்கு 16. கழிவுநீரின் ஒரு பங்குக்கு 20. கூட்டி ஒன்பதால் வகுத்தால் 4. ஆறு தாங்கக்கூடிய எல்லை 4 என்று கண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் 20-க்கு வந்தார்கள். எண் மட்டும் கடல் கடந்து வந்தது. எட்டுப் பங்கு நல்ல தண்ணீர் வரவில்லை. கோடையில் கூவத்தில் ஒரு பங்கு நல்ல தண்ணீர்கூட இல்லை. சட்டப்படி எல்லாம் சரியாக நடந்து, ஒவ்வொரு சொட்டுக் கழிவுநீரும் 20-க்குச் சுத்திகரிக்கப்பட்டு ஆற்றில் இறங்கினாலும், அந்த ஆறு 20-ஆகத்தான் ஓடும். குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு நம் வாரியமே வைத்திருக்கும் வரம்பு 3.

கூவத்தின் சொந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? ஆறு தொடங்குவது சென்னையில் அல்ல, திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் என்ற ஊர்ப் பக்கம். சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அந்த ஊர்க் கோயில்தான். அந்தப் பக்கத்துக் கூவத்தைப் பார்த்தவர்கள் இதுவும் அதுவும் ஒரே ஆறு என்று நம்பச் சற்று நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் வயலுக்குப் பாயும் சாதாரணக் கிராமத்து ஆறு அது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்தும் கூவத்துக்குத் தண்ணீர் பிரியும். ஆனால் சென்னை வளர்ந்தது, குடிநீர் வேண்டியிருந்தது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. கேசவரத்தில் வரும் தண்ணீர் பெரும்பாலும் அந்த வழிக்கே திருப்பப்படுகிறது. பூண்டியிலிருந்து புழல், புழலிலிருந்து கீழ்ப்பாக்கம், அங்கிருந்து குழாய். வீட்டுக்கு வரும் குடிநீரில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. ஆக, கூவத்துக்கு உரிய தண்ணீர் கூவத்துக்கு வரத்தான் செய்கிறது. நம் வீடுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது.

ஆறு என்பது ஆக்சிஜனுக்கு வரவும் செலவும் உள்ள ஒரு கணக்குப் புத்தகம். செலவு பாக்டீரியா. வரவு மேற்பரப்பிலிருந்து கரையும் காற்று. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் இருவரும் ஓஹியோ ஆற்றை ஆராய்ந்து 1925-இல் இந்த இரண்டையும் ஒரே சமன்பாட்டில் எழுதினார்கள். கழிவு விழுந்த இடத்திலிருந்து கீழே போகப் போக ஆக்சிஜன் இறங்கும். ஒரு பள்ளத்தைத் தொடும். பிறகு உணவு தீரத் தீர, காற்று உள்ளே வர வர, மெல்ல ஏறிப் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆறு தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் என்று பாட்டிமார் சொல்வது இந்த வளைகோட்டைத்தான். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஏறுவதற்குத் தூரமும் நேரமும் வேண்டும். கூவத்தில் ஒரு வாய்க்கால் விழுந்து பள்ளத்தில் இறங்கிய ஆறு எழுந்திருக்குமுன் அடுத்த வாய்க்கால் வந்துவிடுகிறது. அரும்பாக்கம், அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று வளைந்து வளைந்து வரும் வழியெல்லாம் வளைகோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது.

ஆக்சிஜன் தீர்ந்தால் தின்பது நின்றுவிடுமா என்றால், இல்லை. ஆட்கள் மாறுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் முதலில் நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வேலையைக் கையில் எடுக்கும். அது தீர்ந்தால் மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளைப் பயன்படுத்துபவை. அதன் பிறகு சல்ஃபேட்டைச் சுவாசிப்பவை. கடைசியாக, எதுவுமே மிச்சமில்லாத சேற்றில் மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிர்கள். கூவத்தில் எந்தப் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தாலும் தண்ணீரில் குமிழி வெடித்துக்கொண்டிருக்கும். மீனோ என்று தோன்றும். பெரும்பாலும் அது அடிச்சேற்றிலிருந்து வரும் மீத்தேன்.

நாற்றம் சல்ஃபேட் ஆட்களின் கைங்கரியம். அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை வாடை. காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிற இரும்பு சல்ஃபைடு. கூவத்தின் கறுப்பு அதுதான். கரையோர வீடுகளில் வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுப்பதற்கும் இதே வாயுதான் காரணம்.

இங்கே ஓர் ஊர் விசேஷம் உண்டு. சாதாரணச் சாக்கடையில் சல்ஃபேட் அதிகம் இல்லை. லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் இருக்கும். கடல்நீரில் 2,700. ஓதம் ஏறும்போது நேப்பியர் பாலத்துக்குக் கீழாகக் கடல்நீர் உள்ளே வந்து சல்ஃபேட்டைக் கொட்டிவிட்டுப் போகிறது; சாப்பாட்டை நகரம் கொடுக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் இவ்வளவு நாறாது. கடல்தண்ணீர் வந்து போனால் ஆறு சுத்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். போதுமான அளவுக்கு வந்து போனால் அது உண்மைதான். அரைகுறையாக வந்து தேங்கினால் நாற்றத்துக்கு எண்ணெய் ஊற்றிய கதை.

அரைகுறையாகத்தான் வருகிறது. சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு பௌர்ணமி, அமாவாசை நாட்களிலேயே ஒரு மீட்டரைச் சுற்றித்தான். லண்டனில் தேம்ஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏழு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. போதாக்குறைக்கு மணல். இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1870-களின் பிற்பாதியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தெற்கே சேர்ந்தது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். கூவத்தின் வாய் ஓயாமல் தூர்ந்துபோவதிலும் அதற்குப் பங்குண்டு. பொக்லைன் வைத்து மணலை அள்ளுவார்கள், சில வாரத்தில் மறுபடியும் திட்டு கட்டும். மேலிருந்து தள்ளத் தண்ணீர் இல்லாத ஆறு, கடலோடு மல்லுக்கட்டித் தன் வாயைத் திறந்து வைத்துக்கொள்ள முடியாது.

மேடைக்கு மேடை கூவத்தைத் தேம்ஸ் ஆக்குவோம் என்று பேசுபவர்கள் இந்த வித்தியாசங்களை நினைத்துக்கொள்வது நல்லது. 12 டிகிரித் தண்ணீரில் கிட்டத்தட்ட 10.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், நமக்கு ஏழரை. 12-லிருந்து 30-க்கு ஏறினால் பாக்டீரியா கழிவைச் சிதைக்கும் வேகம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. கையிருப்பு குறைவு, செலவு வேகம். அப்படி இயற்கை கைகொடுத்தும் தேம்ஸுக்கு நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திண்டாடிய பிறகு பேஸல்ஜெட் என்ற பொறியாளர் பெரும் கால்வாய்களைக் கட்டினார். அவை கழிவை ஊருக்குக் கீழ்ப்புறம் கொண்டுபோய் அப்படியே ஆற்றில் விட்டன, சுத்திகரிக்கவில்லை. 1957-இல் அதே ஆற்றின் நீண்ட பகுதி உயிரியல்ரீதியாகச் செத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. சுத்திகரிப்பு நிலையங்கள் உண்மையாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு, 1974-இல்தான் ஒரு சால்மன் மீன் மறுபடி கிடைத்தது. கரையில் பூங்கா வைத்ததால் அது வரவில்லை.

நம் முயற்சிகளின் வரலாறு கரையைச் சுற்றியே வந்திருக்கிறது. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. கரை கட்டினார்கள், படகுத்துறை கட்டினார்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் படகும் விட்டார்கள். ஆர்வம் உண்மையானது, ஆனால் படகுக்குக் கீழே ஓடியது என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது. 1950-இல் கூவத்தில் 49 வகை மீன்கள் இருந்ததாகவும் எழுபதுகளின் இறுதியில் அது 21 ஆகிவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. படகு விட்டதும் அந்த இடைவெளியில்தான். பிறகு வந்த சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை மூலம் 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம். அதில் கழிவுநீரை இடைமறிக்கும் பணிகளும் உண்டு, அது முன்னேற்றம்தான். கரையோரக் குடியிருப்புகளைக் காலி செய்து மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதும் அந்தக் காலத்தில்தான். ஆற்றுக்குள் விழும் கழிவில் அந்தக் குடிசைகளின் பங்கு எவ்வளவு, அடுக்குமாடிகளின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் இந்த வேகம் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் அதிகம் புழங்கும் வீட்டிலிருந்துதான் கழிவுநீரும் அதிகம் வரும். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலம் முழுக்கச் சதுரங்கக் கட்டம் வரைந்தார்கள். பாலம் பார்க்க நன்றாகவே இருந்தது. அதே ஆண்டின் இறுதியில்தான் 345 வந்தது.

அந்த அறிக்கையில் கூவத்துக்கு அடுத்த இடம் யாருக்கு என்று தெரியுமா? சபர்மதி, 292. அகமதாபாத்தின் ஆற்றங்கரை நடைபாதையைப் பார்த்துவிட்டு வந்து இங்கேயும் அப்படி வேண்டும் என்பவர்கள் ஏராளம். அங்கே ஊருக்குள் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்து தேக்கியது. வாசணா தடுப்பணையைத் தாண்டியதும் ஆறு நகரத்தின் கழிவையும் தொழிற்சாலைகளின் கழிவையும் சுமந்துகொண்டு போகிறது.

சரி, சாக்கடையைவிட ஆறு எப்படிக் கெட்டியாகும்? ஒரு வழி, சேறு. பல ஆண்டுகளாக அடியில் படிந்த கழிவு செரிக்காமல் கிடக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செரிமானம் மிக மெதுவாகவே நடக்கும். தண்ணீர் சற்றுக் கலங்கினாலும் அந்தப் பழைய பாக்கி மேலே வருகிறது. இன்னொரு வழி, லாரி. பாதாளச் சாக்கடை போய்ச் சேராத புறநகரில் செப்டிக் டேங்கை உறிஞ்சும் கழிவுநீர் லாரிகள் ஓடுகின்றன. மாதக்கணக்கில் தேங்கிக் கெட்டியான அந்தக் கசடின் பி.ஓ.டி. பல ஆயிரங்களில் இருக்கும். சுத்திகரிப்பு நிலையம் வரை போகாமல், ஒதுக்குப்புறமான வாய்க்காலில் ஒரு லாரி இரவோடு இரவாகக் குழாயைத் திறந்துவிட்டால், பத்து இருபது லாரி வீட்டுக் கழிவுநீருக்குச் சமம். மூன்றாவது, மழைநீர் வடிகால். மழைக்கு மட்டும் என்று கட்டிய வடிகாலில் வீட்டுக் கழிவுக் குழாயைத் திருட்டுத்தனமாகச் சேர்ப்பது நகரம் முழுக்க நடக்கிறது. இது சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடவே தொடாது; நேரே ஆறுதான். மழையில்லாத மாதங்களில் வடிகாலுக்குள்ளேயே தேங்கி ஊறும்.

பிறகு ஐப்பசியில் முதல் பெருமழை வரும். வடிகால்களில் ஊறியது, ஆற்றடிச் சேற்றில் கிடந்த சல்ஃபைடு எல்லாம் ஒரே நாளில் கிளம்பிக் கடலை நோக்கிப் போகும். சல்ஃபைடு ஆக்சிஜனைச் சந்தித்தால் பாக்டீரியாவுக்காகக் காத்திருக்காது. நேரடி வேதிவினையிலேயே அதைத் தீர்த்துவிடும். அடையாறு முகத்துவாரத்தில் மழைக்குப் பிறகு மீன்கள் செத்து மிதக்கும் படங்கள் செய்தித்தாளில் வருவது இந்த நேரத்தில்தான். மழை பெய்தால் ஆறு சுத்தமாகும் என்பது இரண்டாவது மூன்றாவது மழைக்குப் பொருந்தும். முதல் மழை மீனுக்கு எமன். 2019 டிசம்பரை ஒட்டிய நாட்களில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெண்ணுரை மலைபோல் ஒதுங்கியது. குழந்தைகள் அதில் விளையாடிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. சிதையாத சோப்பும் கழிவும் அலையில் அடிபட்டால் அப்படித்தான் பொங்கும்.

எல்லா உயிரும் போய்விடவில்லை. பனையேறிக் கெண்டையும் விராலும் தலையை வெளியே நீட்டிக் காற்றையே நேராகச் சுவாசிக்கும். ஜிலேபிக் கெண்டை மேற்பரப்பின் மெல்லிய படலத்திலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிச் சமாளிக்கும். கொசுவைப் போலிருக்கும் ஒருவகைப் பூச்சியின் லார்வாவும், நூல் மாதிரி நெளியும் டியூபிஃபெக்ஸ் புழுவும் ரத்தச் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் உடலிலும் ஹீமோகுளோபின் இருப்பதுதான். இம்மியளவு ஆக்சிஜனையும் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தீனியாக விற்கும் சிவப்புப் புழு இந்த டியூபிஃபெக்ஸ்தான். ஆற்றில் எந்தப் புழு இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்தே தண்ணீரின் தரத்தைச் சொல்லும் முறையும் இருக்கிறது. ஒரு நாள் எடுத்த குப்பித் தண்ணீர் அந்த நேரத்தின் நிலையை மட்டும்தான் சொல்லும். புழு பல மாதத்துக் கதையைச் சொல்லும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் அது மூக்கின் நரம்பைச் செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். அதைவிடப் பல மடங்கு ஏறினால் சில மூச்சில் மயக்கம். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் செத்த தொழிலாளர்களில் பலரைக் கொன்றது இந்த வாயு. அப்படி மனிதர்களை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை ஏற வேண்டிவந்தது, சாவு நிற்காததால்.

பி.ஓ.டி. ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. திருப்பூருக்குப் போனால் கதை வேறு. நொய்யலைக் கெடுத்தது சாயப்பட்டறை உப்பு. அதை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, உப்பும் சாயமும் தேங்கும் தொட்டியாகிப்போனது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. கூவத்தின் பிரதான நோய் சாப்பாட்டு நோய். அந்த வகையில் அது குணப்படுத்தக்கூடியது. உணவை நிறுத்தி மூச்சுக்கு வழி விட்டால் போதும்.

மூச்சுக்கு வழி என்றால் ஓடும் தண்ணீர். அது கோயம்பேட்டிலேயே இருக்கிறது. அங்கே உள்ள சுத்திகரிப்பு வளாகத்தில் 2019-இலிருந்து ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் குடிநீருக்கு நிகராகத் தெளிய வைத்து, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். கொடுங்கையூரில் இதே அளவு மணலிக்குப் போகிறது. தொழிற்சாலைக்கு ஏரித் தண்ணீரைக் கொடுக்காமல் இதைக் கொடுப்பது புத்திசாலித்தனமான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவருமே ஆற்றை ஒரு வாடிக்கையாளராகப் பார்க்கவில்லை. கோயம்பேட்டின் 4.5 கோடி லிட்டர் என்பது வினாடிக்கு 520 லிட்டர். கோடைக் கூவத்துக்கு அது சின்ன ஓட்டமில்லை. அதில் பாதி கொடுத்தால்கூட, திருட்டு இணைப்புகளை அடைத்த ஒரு பகுதியில் என்ன நடக்கிறது என்று சோதித்துப் பார்க்கலாம். இதைச் சொல்லும்போது பொறியாளர் நண்பர்கள் சிரிக்கிறார்கள். விலை கொடுத்துச் சுத்தப்படுத்திய தண்ணீரைக் கூவத்தில் ஊற்றுவதா என்று. எட்டுப் பங்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்ற நிபந்தனையை ஏதோ ஓர் இடத்திலாவது நிறைவேற்றாமல் 20 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்த திட்டம் அறிவிக்கப்படும்போது நடைபாதை எத்தனை கிலோமீட்டர், பூங்கா எத்தனை ஏக்கர் என்று விளம்பரத்தில் வரும். கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு, எந்தப் பாலத்தடியில், எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் அதில் தேடிப் பாருங்கள். மணி ஏன் என்றால், தண்ணீர் சற்றுத் தெளிந்து பாசி பிடிக்கத் தொடங்கிய ஆற்றில், வெயில் நேரத்தில் பாசி ஆக்சிஜனைக் கொட்டும். இரவில் அதுவே மூச்சு வாங்கி அதைத் தின்னும். நண்பகலில் 6 காட்டும் இடம் விடியற்காலை 5 மணிக்கு 1-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். மீன் சாவது விடியற்காலையில். மாதிரி எடுக்கப் போவது அலுவலகம் திறந்த பிறகு.